எர்ணாவூர்: மிளகு தேடி வந்த கப்பல்களும் கரையை இழந்த குப்பங்களும்

எண்ணூர் விரைவுச் சாலையில் எர்ணாவூரைக் கடக்கும்போது ஒருபக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. மறுபக்கம் கடல். ஆனால், மெரினாபோல மணலில் நடந்துபோய் அலையில் கால் நனைத்துவிட முடியாது. ஆள் உயரக் கருங்கற்களைத்தான் முதலில் தாண்ட வேண்டும். அந்தக் கற்களுக்கு இடையே கிடைத்த கொஞ்சூண்டு மணலில் ஃபைபர் படகுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன.

லாரிகளும் கற்களும் இங்கே வந்து சேர்ந்த கதைக்கு 500 வயது. அது மிளகில் தொடங்குகிறது.

1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அரபு வணிகர்கள், வெனிஸ் வணிகர்கள் என்று பல கை மாறி ஐரோப்பாவுக்குப் போன மிளகை நேராக வாங்க வேண்டும் என்பதுதான் போர்ச்சுக்கீசியர்களின் கணக்கு. அவர்களைப் பார்த்து டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கிளம்பினார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது. ஐரோப்பியக் கம்பளியை அந்த வெயிலில் யார் வாங்குவார்கள்? தீவுக்காரர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை. ஆக, வாசனைச் சரக்கு வாங்கத் துணி வேண்டும். துணி வாங்க இந்தக் கரைக்கு வர வேண்டும்.

எர்ணாவூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் காவல் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தத் துறைமுகத்திலிருந்து துணி மூட்டைகள் மட்டும் கப்பல் ஏறவில்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பழவேற்காட்டுக்குப் படகு சவாரி போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலேயர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். 1639-ல் பிரான்சிஸ் டே, தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றார். கப்பல் ஒதுங்க வசதியே இல்லாத, அலை அடிக்கும் திறந்த கடற்கரை அது. ஆனாலும் டே அந்த இடத்துக்காகப் பிடிவாதம் பிடித்தார். காரணம், இங்கே துணி மலிவு. மற்ற இடங்களைவிட 20 சதவிகிதம் வரை விலை குறைவு என்பது அவருடைய கணக்கு.

துணிக்கு நெசவாளர் வேண்டும், வெளுக்கச் சலவைத் தொழிலாளர் வேண்டும், அவர்கள் குடியிருக்க நிலம் வேண்டும். வண்ணாரப்பேட்டை அப்படி உருவானது. 1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் கம்பெனியின் கைக்குப் போயின. 1742-ல் ஆற்காட்டு நவாபு தரப்பு கொடுத்த அடுத்த ஐந்து கிராமங்களில் வேப்பேரி, பெரம்பூரோடு எர்ணாவூரும் சடையங்குப்பமும் இருந்தன. கடலும் உப்பங்கழியுமாக இருந்த ஒரு சிற்றூர், லண்டன் வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தில் ஏறிய விதம் இதுதான்.

எர்ணாவூருக்குப் போகிறவர்கள் வழியில் காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பார்க்கலாம். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலட் பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அவர் காலத்தோடு தொடர்புடைய கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் இங்கே உண்டு. ஒரு வேடிக்கை, வேடிக்கை என்றும் சொல்லிவிட முடியாது: பேட்டை உருவான சில வருடங்களிலேயே, 1721-ல், அச்சிட்ட பருத்தித் துணி உடுத்துவதற்கு இங்கிலாந்து தடைச் சட்டம் போட்டது. இந்தியத் துணி அந்த அளவுக்கு அங்கே விற்று, உள்ளூர் நெசவாளர்களைக் கலவரத்தில் இறக்கியிருந்தது. நூறு வருடத்தில் எல்லாம் தலைகீழானது. மான்செஸ்டர் மில் துணி இங்கே வந்து குவிந்தது, தறிகள் அடங்கின.

அந்தக் கடலில் சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். ஆணி இல்லாமல், கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டின. நம்முடைய 'கட்டுமரம்' ஆங்கில அகராதிக்குப் போனதும் இப்படிப்பட்ட பழக்கத்தில்தான்.

பிறகு கம்பெனி போய் பிரிட்டிஷ் அரசு வந்தது. 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. படகோட்டிகளின் தேவை குறைந்தது. இன்னொன்றும் நடந்தது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எர்ணாவூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. சென்னைக்காரர்கள் மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரும் மணலில் ஒரு பங்கு, வடசென்னைக் குப்பங்களுக்கு வந்திருக்க வேண்டியது. வீடுகளும் தெருக்களும் போனபிறகுதான் இந்தக் கருங்கற்கள் வந்தன.

2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எர்ணாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு கொடுக்கப்பட்டது. படகு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். வலையைக் காயப்போட முன்பு வாசல் இருந்தது; இப்போது சாலையோரம்தான் இடம்.

எர்ணாவூருக்குப் போக விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. காலையில் போனால் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம். கற்களுக்கு நடுவே ஒரு படகு நுழையும் அகலம்தான் இருக்கும். அலையின் தணிவு பார்த்துக் காத்திருந்து, ஒரே மூச்சில் உள்ளே கொண்டுவருகிறார்கள். தொலைவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து நிற்கின்றன.