அயல்நாட்டு அண்டைவீட்டார்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த எங்கள் மணவாள நகரில், விடியலுக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் மார்க்கமாகப் புறப்படும் கம்பெனி பஸ்களுக்குக் காத்து நிற்கும் இளைஞர்களின் சம்பாஷணையைச் சிறிது செவிமடுத்தால், கிழக்காசிய மக்களைப் பற்றிய ஒரு தனி சாஸ்திரமே அங்கே சர்வ சாதாரணமாகப் பரிமாறப்படுவதை அறியலாம். கொரியாக்காரர் கூச்சல் போடுவார், மறுநாள் மறந்துவிடுவார். ஜப்பான்காரர் கூச்சலே போடமாட்டார், ஆனால் ஒரு திருகாணியைப் பற்றி ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருப்பார். தைவான்காரர் சிரித்துக்கொண்டே ஓவர்டைம் வாங்கிவிடுவார் என்பது அந்த சாஸ்திரத்தின் சாரம். ஹூண்டாய் 1996-ஆம் வருஷம் இந்தியாவில் கால் ஊன்றி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்த நாள் முதல், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்துப் பலகைகள் முளைத்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் தைவான் கம்பெனியான ஃபாக்ஸ்கான் வந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் தடாவுக்கு அருகே ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய ஆலைகள் பல இயங்குகின்றன. இவ்வளவு நுணுக்கமாக மனிதர்களைப் பிரித்தறியும் அதே இளைஞர்கள், அம்மனிதர்களுடைய தேசங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "அங்கெல்லாம் ஒரே ஒழுங்கு, சார்" என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, பயிற்சியின் நிமித்தம் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும், ஓய்வு பெற்றபின் சொந்தச் செலவில் தைவானுக்கும் போய்வரும் சந்தர்ப்பம் வாய்த்தது. டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியாரும், பின்னாளில் 'உதய சூரியன்' எழுதிய தி. ஜானகிராமனும் ஜப்பானை நமக்கு அழகாகவே காட்டியிருக்கிறார்கள். அவர்களை வாசித்துவிட்டுப் போனவனாதலால் வியப்பதற்குத் தயாராகவே போனேன், வியக்கவும் செய்தேன். ஆயினும் அந்த ஒழுங்கு ஒன்றல்ல, முகம் தெரியாத ஒரு பிறத்தியானை எதுவரை நம்பலாம் என்ற கேள்விக்கு மூன்று ஜனசமூகங்கள் தனித்தனியே கண்டுபிடித்த மூன்று ஏற்பாடுகள் என்பதே அங்கெல்லாம் சுற்றியபின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம்.

ஒழுங்கு அவர்களுடைய ரத்தத்திலேயே ஊறியது என்பாருக்கு எங்கள் ஊர் ரயில்பாதையை நான் சாட்சியாக அழைப்பதுண்டு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை, ஹாரிஸ் பிரபு கவர்னராக இருந்த காலத்தில், 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி திறக்கப்பட்டபோது அது திருவள்ளூர் வழியாகத்தான் சென்றது. ஜப்பானில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது 1872-இல். தைவானில் கீலுங் துறைமுகத்திலிருந்து தைபேக்கு ரயில் வந்தது 1891-இல். கொரியாவுக்கு அந்த பாக்கியம் 1899-இல்தான் கிட்டிற்று. எங்கள் ஊரார் முதன்முதலில் புகைவண்டியைப் பார்த்து வாய் பிளந்த அதே காலத்தில், நாகசாகியில் கடற்படைப் பயிற்சி அளிக்க வந்திருந்த ஒரு டச்சு அதிகாரி, ஜப்பானியருக்கு நேரம் என்ற உணர்ச்சியே கிடையாது என்று சலித்து எழுதி வைத்திருக்கிறார்! ஆகவே நான் கண்ட நேர ஒழுக்கம் அவர்கள் பிற்காலத்தில் பாடுபட்டுப் பயின்றது.

நகோயாவுக்கு அருகில் தங்கியிருந்த நாட்களில் உள்ளூர் ரயிலில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள கண்ணாடியை ஒட்டி நிற்பதே எனக்குப் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. வெள்ளைக் கையுறை அணிந்த அந்த ஓட்டுநர், தம்மைத் தவிர யாரும் இல்லாத அந்தச் சிற்றறையில், எதிர்ப்படும் ஒவ்வொரு கைகாட்டி விளக்கையும் விரலால் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லி, பின்பு கடிகாரத்தைச் சுட்டி அதன் நேரத்தையும் சொல்லி, ஏதோ நித்திய பூஜையில் மந்திரம் தவறாமல் பார்த்துக்கொள்ளும் அர்ச்சகரைப் போன்ற சிரத்தையுடன் வண்டியை நடத்திக்கொண்டு போவார். கண் பார்த்ததைக் கையும் வாயும் உறுதி செய்தால் பிழை குறையும் என்பது இதன் தத்துவம். எங்கள் ஆலையிலும் இதே வழக்கத்தைப் புகுத்தியபோது பையன்கள் முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அச்சு இயந்திரத்தினிடம் தனியாகப் பேசுகிறவனை நம் ஊரில் வேறு பெயரிட்டல்லவா அழைப்பார்கள்!

பெட்டிக்குள்ளே பிரயாணிகளின் மௌனம் வேறு விதமான கட்டுப்பாடு. கைபேசியில் பேசலாகாது; பேசவேண்டிய நிர்ப்பந்தம் வந்தால் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று பேசிவிட்டு அடுத்த வண்டியில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரயில் சில நிமிஷங்கள் தாமதமானால், அலுவலகத்தில் காட்டுவதற்கென்று தாமதச் சான்றிதழ் ஒன்றை ரயில்வேயே அச்சிட்டுக் கொடுக்கிறது. இத்தனை மரியாதைக்கும் நடுவே, புல்லட் ரயிலில் போகிறவன் ஏறும்போதும் இறங்கும்போதும் டிக்கெட்டை இயந்திரக் கதவின் வாயில் கொடுத்துத்தான் வழி பெற வேண்டும். ஆனால் அதே தேசத்தின் கிராமச் சாலையில், விற்பவர் எவருமில்லாமல், முள்ளங்கியும் கத்தரிக்காயும் அடுக்கிய ஒரு பந்தலும், காசு போட ஒரு சிறு பெட்டியுமாக வியாபாரம் நடக்கிறது. அயலானுக்கு உபத்திரவமாகிவிடக் கூடாது என்ற அச்சம் ஒவ்வொருவன் நெஞ்சிலும் காவல் நிற்கிறபடியால், அங்கே பந்தலுக்குத் தனியே காவல் வேண்டியிருக்கவில்லை. அந்த அச்சத்துக்கு ஒரு விலையும் உண்டு: பல வாரங்கள் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு கனவான் தினந்தோறும் குனிந்து வணங்கினாரேயன்றி, நான் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

ஃபுகுவோகாவின் ஹகாட்டா துறைமுகத்திலிருந்து கொரியாவின் பூசானுக்குக் கடல்வழியே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். பகற்கப்பலில் ஏறினால் நடுவழியில் சுஷிமா தீவின் மலைகள் தெரியும். மாலையில் கரை சேரலாம். தரையில் பாய் விரித்தாற்போன்ற பொது அறையில் கொரிய மாதர்கள் வட்டமாக உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்து, பழம் நறுக்கி, எனக்கும் ஒரு துண்டு நீட்டி, சைகையாலும் விரல்களாலும் என் வயதைக் கேட்டறிந்துகொண்டபோது, தேசம் மாறிவிட்டது என்பதை அறிய எனக்குக் கரை தேவைப்படவில்லை. வயது அங்கே வம்புக்குக் கேட்கப்படுவதன்று. யார் முதலில் உட்காருவது, யாருக்கு யார் இரண்டு கைகளாலும் பாத்திரம் பிடித்து ஊற்றுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தே நிர்ணயமாகின்றன. மணவாள நகரிலிருந்து போனவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

பூசானிலிருந்து சியோலுக்குப் போகும் கே.டி.எக்ஸ். அதிவேக ரயில் 2004-இல் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்துடன் ஓடத் தொடங்கியது. பூசான் ஸ்டேஷனில் டிக்கெட்டைக் கேட்கும் கதவே இல்லை. நேரே நடந்து, படியிறங்கி, பெட்டியில் ஏறி உட்கார வேண்டியதுதான். விற்காத ஆசனத்தில் ஆள் இருந்தால் மட்டுமே கண்டக்டர் தம் கைக்கருவியைப் பார்த்துவிட்டு அருகே வருகிறார். ஜப்பானைவிட இவர்கள் மனிதனை அதிகம் நம்புகிறார்கள் என்று நான் நெகிழ்ந்துபோய்ச் சொன்னபோது, உல்சானில் எனக்குப் பயிற்சியளித்த என்ஜினீயர் சிரித்துவிட்டு, கூரையிலிருந்த காமிராவைக் காட்டினார். சிற்றுண்டிச்சாலையில் கைக்கணினியை மேஜைமேல் விட்டுவிட்டு வெளியே போகும் மாணவனும் மனிதரை நம்புவதோடு அந்தக் கண்ணையும் சேர்த்தே நம்புகிறான். குப்பைக்குக்கூட அங்கே கணக்கு உண்டு: 1995 முதல் தேசம் முழுவதும் அளவுக்கேற்ற கட்டணம், அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் மிச்சச் சோற்றைக் கொட்டினால் இயந்திரம் அதை நிறுத்து, அந்த வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இவ்வளவு கறாரான தேசத்தில், உணவு விடுதியில் சிறு கிண்ணங்களில் வைக்கும் தொடுகறிகளை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் கணக்கின்றி நிரப்புகிறார்கள். அறுபத்தைந்து வயதானவர்களுக்குச் சுரங்க ரயிலில் கட்டணமே இல்லை. முதியோர் ஆசனம் கூட்ட நேரத்திலும் காலியாகவே போகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் ஊர் வீரராகவப் பெருமாள் சந்நிதிக்கு அருகில் வளர்ந்த சைவ உணவுக்காரனின் துயரம் இரு நாடுகளிலும் ஒன்றுதான்: ஜப்பானில் கீரைச் சாற்றுக்குள் மீன் சாறு, கொரியாவில் கிம்ச்சிக்குள் உப்பிட்ட இறால். விமோசனம் தைவானில் கிடைத்தது. புத்த மத ஆசாரத்தின்படி வெங்காயமும் பூண்டும்கூட விலக்கிய போஜனசாலைகள் தைபேயில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. என் பாட்டியின் மடப்பள்ளி நியமங்களைச் சீன எழுத்தில் பலகையாக மாட்டி வைத்திருந்தது கண்டு நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சமல்ல.

தைவானின் அதிவேக ரயில் ஜப்பானிய வண்டி. அதைப் பற்றி விசேஷமாகச் சொல்ல எதுவுமில்லை. அங்கே பார்க்க வேண்டியது அந்திவேளைக் குப்பை லாரி. பீத்தோவனின் இசைத் துணுக்கு ஒன்றை ஒலித்துக்கொண்டு மஞ்சள் லாரி தெருமுனையில் திரும்பியவுடன், வீட்டு வாசல்கள் திறந்து, செருப்பும் இரவு உடையுமாக ஜனங்கள் பைகளுடன் திரளுகிறார்கள். குப்பையைத் தரையில் வைக்கலாகாது, உரியவரே கொண்டுவந்து லாரியில் எறிய வேண்டும் என்பது தைபே நகரில் 1990-களின் பிற்பகுதியில் வந்த சட்டம். 2000 முதல் நகரசபை விற்கும் பையில்தான் கொண்டுவர வேண்டும். ஜப்பானியனைப் போல் உள்ளச்சமோ, கொரியனைப் போல் இயந்திரக் கண்ணோ இங்கே முக்கியமன்று. ஒரே நேரத்தில் தெரு முழுவதும் கூடுவதால் யார் பை எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, கூடவே ஊர்வம்பும் தங்குதடையின்றி நடக்கிறது.

நான் தங்கியிருந்த விடுதியின் மூதாட்டி ஒரு மாலை என் கையிலும் ஒரு பையைத் திணித்து அனுப்பினாள். வீட்டில் அந்த வேலையை ஒருநாளும் தொட்டறியாத நான் லாரியின் பின்னால் சிறிது ஓடி, குறி பார்த்து எறிந்தேன். தெருவார் சிரித்துக் கரகோஷம் செய்தார்கள். இந்த வைபவத்தை ஊர் திரும்பியதும் வீட்டில் சவிஸ்தாரமாக வர்ணித்ததன் பலனாக, நகராட்சி வண்டியின் பாட்டுக் கேட்டவுடன் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகும் உத்தியோகம் எனக்கு நிரந்தரமாயிற்று.