சாரி என்றொரு ஊர்

மன்னிப்பெல்லாம் கேட்கல மக்களே, ஊர் பேரே அதுதான். சாரி. உத்தராகண்ட் மாநிலம், ருத்ரபிரயாக் மாவட்டம், ஊக்கிமட்டுக்குப் பக்கத்துல, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துல இருக்கிற மலைக்கிராமம். போன அக்டோபர்ல நாங்க நாலு பேர் அங்க போய் நாலு ராத்திரி தங்கிட்டு வந்தோம். "எங்கடா போனீங்க, மணாலியா?"ன்னு கேட்டவங்க எல்லாருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா இங்க எழுதிடறேன்.

முதல்ல வழி. ஹரித்வார்ல காலையில பஸ் ஏறினா சுமார் 200 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்குல நாலு மணி நேரம். அங்க சாயங்காலம் ஆயிடும். ரோடு முழுக்க ஆத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டே போகுது. தேவபிரயாக்ல பாகீரதியும் அலக்நந்தாவும் சேருது, அங்கிருந்துதான் அதுக்குக் கங்கைன்னு பேர். ருத்ரபிரயாக்ல அலக்நந்தாவை விட்டுட்டு மந்தாகினி பக்கம் திரும்பணும். கொஞ்ச தூரத்துல அகஸ்தியமுனின்னு ஒரு டவுன். ஆமாங்க, நம்ம அகத்தியரேதான். அவர் அங்க தவம் பண்ணினார்ங்கிறது அந்த ஊர் நம்பிக்கை. பஸ்ல எங்க நாலு பேருக்கு மட்டும் திடீர்னு சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போற மாதிரி ஒரு சந்தோஷம். :-)

ஊக்கிமட்ல இறங்கி ஷேர் ஜீப். குளிர்காலத்துல கேதார்நாத் கோயில் மூடினதும் சாமியோட உற்சவமூர்த்தி இறங்கி வந்து தங்கறது இந்த ஊக்கிமட்லதான். சாமியே குளிருக்குப் பயந்து கீழ வர்றார்னா நாங்கல்லாம் எம்மாத்திரம்! ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் பல்லு தாளம் போட்டுச்சு.

நாங்க தங்கினது ஹோட்டல் இல்ல, ஒரு வீடு. கல்லுச் சுவர். கீழ்த்தளத்துல மாடு, மேல மனுஷங்க. அந்தப் பக்கத்துப் பழைய வீடெல்லாம் இப்படித்தான். மாட்டோட கதகதப்பு மேல வரும்னு சொன்னாங்க. வாசனையும் வரும்னு நான் சொல்லிக்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், மூணு வேளை சாப்பாடும் சேர்த்து. வீட்டுல ஒரு ஆன்ட்டி, அவங்க மாமியார், எங்க வயசுல ஒரு பையன். எங்க நாலு பேர்ல ஒருத்தனுக்குத்தான் இந்தி ஒழுங்கா வரும். மத்த மூணு பேரும் "அச்சா அச்சா"ன்னு தலையாட்டியே காலத்தை ஓட்டினோம்.

சாப்பாடு பத்திச் சொல்லியே ஆகணும். முதல் நாள் ராத்திரி கறுப்பா ஒரு ரொட்டி வந்துச்சு. "மண்டுவா"ன்னாங்க. வாயில வச்சதும் தெரிஞ்சுபோச்சு, நம்ம கேழ்வரகு! தொட்டுக்க "கஹத்" பருப்பு. அது நம்ம கொள்ளு. மறுநாள் "ஜங்கோரா" பாயசம். அது குதிரைவாலி. பாட்டி காலத்தோட போச்சுன்னு நாம நினைச்ச சாமானெல்லாம் இமயமலையில உக்காந்திருக்கு. இந்த மலைக்காரங்க ஒரே வயல்ல தானியம், பருப்பு எல்லாத்தையும் கலந்து விதைக்கிற முறைக்கு "பாரஹ்நாஜா"ன்னு பேர். பன்னிரண்டு தானியம்னு அர்த்தம். மழை ஒண்ணைக் கெடுத்தாலும் இன்னொண்ணு கைகொடுக்கும். பணத்தை ஒரே இடத்துல போடாதேன்னு எங்களுக்கு மூணு வருஷமா கிளாஸ்ல சொல்லித் தர்றாங்க. இவங்க அதை வயல்லயே பண்ணிக்கிட்டிருக்காங்க.

முதல் முழு நாள் நாங்க ஒண்ணுமே பண்ணல. நிஜமாவே ஒண்ணுமே. திண்ணையில வெயில் காய்ஞ்சோம், டீ குடிச்சோம், மறுபடி வெயில் நகர்ந்த பக்கம் நகர்ந்தோம். படிப்படியா இறங்குற வயல்ல கீரைத்தண்டு ஜாதியில ஒரு செடி, கதிர் முத்தி ரத்தச் சிவப்பா நிக்குது. சௌலாய்னு சொல்றாங்க. மெசேஜ் வர்ற சத்தம் இல்ல, ஹார்ன் இல்ல. ரிலாக்ஸ்னா இதுதான்னு தோணுச்சு.

ஆனா திண்ணையில சும்மா உக்காந்திருந்தா ஒரு வசதி, யார் யார் சும்மா இல்லைன்னு தெளிவாத் தெரியும். ஆன்ட்டி நாங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே மாடு கறந்து, தண்ணி பிடிச்சு, எங்களுக்கு ரொட்டி சுட்டு வச்சுட்டு அரிவாளும் கயிறுமா மேல போயிட்டாங்க. அக்டோபர் அங்க புல் அறுக்கிற காலம். பனி விழறதுக்குள்ள மாட்டுக்குக் குளிர்காலத் தீனி சேர்த்தாகணும். மதியம் சரிவுல ஒரு வைக்கோல்போர் தானா நடந்து இறங்கி வந்துச்சு. கிட்ட வந்தப்புறம்தான் அடியில ரெண்டு கால் தெரிஞ்சுது. அந்த மாதிரி வரிசையா பத்துப் பதினஞ்சு பேர். எல்லாருமே பொம்பளைங்க. ஒரு ஆம்பளை கூட இல்ல.

"ஆம்பளைங்கல்லாம் எங்க?"ன்னு பையன்கிட்ட கேட்டோம். "கீழ"ன்னான். கீழன்னா டேராடூன், டெல்லி, ராணுவம். அவங்க அப்பாவும் டெல்லியில ஒரு ஹோட்டல் சமையலறையில இருக்கார். யோசிச்சுப் பாருங்க. அங்க அவர் யாரோ டூரிஸ்ட்டுக்குச் சமைக்கிறார், இங்க அவர் வீட்டம்மா எங்களுக்குச் சமைக்கிறாங்க.

இதுக்கு ஒரு பேரே இருக்கு. உத்தராகண்ட் மலைப்பகுதியை "மணியார்டர் பொருளாதாரம்"னு ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு வர்றாங்க. சம்பாதிக்கிறவன் வெளியூர்ல, செலவு பண்ற வீடு மலையில. 2000 நவம்பர்ல உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிச்சுத் தனி மாநிலமாக்கினதுக்கு ஒரு காரணமே மலைக்காரங்களுக்கு மலையிலயே பிழைப்பு வேணும்ங்கிறதுதான். ஆனா 2001க்கும் 2011க்கும் நடுவுல பௌரி, அல்மோரா ரெண்டு மாவட்டத்துல ஜனத்தொகை கூடாம குறைஞ்சிருக்கு. மாநில அரசு வச்ச இடம்பெயர்வு ஆணையம் 2018ல கொடுத்த அறிக்கைப்படி, 2011க்கு அப்புறம் மட்டும் 734 கிராமம் ஆளே இல்லாம காலியாயிடுச்சு. இந்த மாதிரி ஊருக்கு அங்க "பூத் காவ்"னு பேர், பேய்க் கிராமம்.

சாரி அந்த லிஸ்ட்ல வராது. அதைக் காப்பாத்துறது மேல இருக்கிற ஏரி. இருந்தாலும் நாங்க தங்கின வரிசையிலயே மூணு வீடு பூட்டியிருந்துச்சு. ஒரு வீட்டுப் பூட்டுல துரு ஏறி, வாசப்படியில கஞ்சாங்கோரை மாதிரி ஏதோ செடி முளைச்சிருந்துச்சு. காலையில இருந்து நாங்க ரசிச்ச அந்த அமைதியில கொஞ்சம் இந்த வீட்டிலிருந்தும் வந்ததுதான். அதுக்கப்புறம் அந்த அமைதி அவ்வளவு இனிப்பா இல்ல.

ரெண்டாவது நாள் அந்த ஏரி, தேவரியா தால். ஊர்லேருந்து சுமார் ரெண்டரை கிலோமீட்டர், கல் பாவின பாதை. தூரம் கம்மிதானேன்னு தெம்பாக் கிளம்பினோம். முழுக்க ஏத்தம். நாலு வளைவுக்கு ஒரு தரம் "வியூ நல்லாருக்குடா"ன்னு சொல்லி நின்னு மூச்சு வாங்கினோம். ஏரி 2,438 மீட்டர்ல இருக்கு. காத்து எழும்புறதுக்கு முன்னாடி போயிடணும். நாங்க போனப்ப தண்ணி அசையாம கிடந்துச்சு, அதுல 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் தலைகீழா நின்னுச்சு. மகாபாரதத்துல யட்சன் கேள்வி கேட்டு தருமர் பதில் சொன்னாரே, அந்தக் குளம் இதுதான்னு அங்க சொல்றாங்க. அரை மணி நேரத்துல லேசா காத்து வந்துச்சு, மலை கலைஞ்சு போச்சு.

அங்க ஒண்ணு கவனிச்சோம். எங்களை மாதிரி ஏறி வந்த பல பேர் போட்டோ எடுத்தாங்க, இறங்கினாங்க, கீழ நிக்கிற வண்டியில ஏறி அடுத்த இடத்துக்குப் போயிட்டாங்க. ஊர்ல அவங்க செலவு ஒரு டீ, ஒரு மேகி.

அன்னிக்கு ராத்திரி அடுப்புப் பக்கம் உக்காந்திருந்தப்ப பையன் விஷயத்தைச் சொன்னான். அவனும் பி.காம்தான், இறுதியாண்டு. டெல்லியில ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை, மாசம் 18,000. தீபாவளிக்கு அப்புறம் வரச் சொல்லியிருக்காங்க, படிப்பை அங்கிருந்தே முடிச்சுக்கலாமாம். போறதா வேணாமான்னு முடிவு பண்ணல. "நீங்களும் காமர்ஸ்தானே பையா, கணக்குப் போட்டுச் சொல்லுங்க"ன்னான். பரீட்சையில கூட இவ்வளவு பயந்து நாங்க ஒரு கணக்குப் போட்டதில்ல.

நோட்டு எடுத்தோம். டெல்லியில பங்கு போட்டு எடுக்கிற ரூமுக்கு 6,000. சாப்பாட்டுக்கு 5,000. மிச்சம் 7,000. பஸ், ஜுரம், சினிமா எதையும் சேர்க்கல. வருஷத்துக்கு 84,000.

இப்ப வீடு. ஒரு ஆள் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிற 1,200ல கேஸ், அரிசி, காய், சோப்பு எல்லாம் போக அவங்களுக்கு நிக்கிறது 700 ரூபாய்னு ஆன்ட்டி சொன்னாங்க. 84,000ஐ 700ஆல வகுத்தா 120. வருஷத்துக்கு 120 ஆள்-ராத்திரி. மழைக்காலத்துல யாரும் வரமாட்டாங்க, அதனால மிச்ச மாசத்துல இது வந்தாகணும். எங்களை மாதிரி நாலு பேர் ஒரு ராத்திரி தங்கினா 30 கூட்டம் வேணும். அதே நாலு பேர் நாலு ராத்திரி தங்கினா? எட்டே எட்டு கூட்டம் போதும்.

நாங்க நோட்டையே பாத்துக்கிட்டிருந்தோம். பையன் சிரிச்சான். ஆன்ட்டி சிரிக்கல. "இந்தக் கணக்குல புல் அறுக்கிற கூலி எங்க?"ன்னு கேட்டாங்க. எங்களுக்காக அவங்க செஞ்ச வேலைக்கும் சம்பளம் எழுதலையேன்னு அப்பத்தான் உறைச்சுது. அந்த வரியை எழுதினா 700 அப்படியே நிக்காது. எழுதாம விட்டாத்தான் வீடு லாபம் காட்டுது.

மூணாவது நாள் விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல சோப்தா போய், அங்கிருந்து துங்கநாத் நடை. மூணரை கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏறணும். கோயில் 3,680 மீட்டர்ல இருக்கு, பஞ்ச கேதார்ல இது மூணாவது. இதுக்குப் பூசாரிங்க பக்கத்துல இருக்கிற மக்கூ கிராமத்துக்காரங்க. குளிர்காலத்துல சாமியும் அந்த ஊருக்கே போயிடுவார். கேதார்நாத்துக்குக் கர்நாடகத்திலிருந்து வர்ற மாதிரி இங்க வெளியூர்ப் பூசாரி கிடையாது. அதுக்கு மேல இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர் ஏறினா சந்திரசிலா உச்சி, சுமார் 4,000 மீட்டர். பத்தடிக்கு ஒரு தரம் நின்னு, நெஞ்சு "டமடம"ன்னு அடிச்சுக்கிட்டு, போய்ச் சேர்ந்தோம். ஒரு பக்கம் சௌகம்பா, கேதார் சிகரங்கள், தூரத்துல நந்தாதேவி. யாரும் ஒரு வார்த்தை பேசல. பேச மூச்சு இல்லைங்கிறதும் உண்மை. :-)

இறங்கும்போது பையன் கிழக்கே போற ரோட்டைக் காட்டினான். அது மண்டல் கிராமத்துக்குப் போகுது. 1973ல அங்கதான் சிப்கோ ஆரம்பிச்சுது. கிராமத்துக்காரங்க ஏர், நுகத்தடி செய்ய ஆஷ் மரம் கேட்டப்ப இல்லைன்ன வனத்துறை, அதே மரத்தை ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு வெட்டக் கொடுத்துச்சு. மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்குவோம்னு ஜனங்க நின்னாங்க, கம்பெனி திரும்பிப் போச்சு. மறு வருஷம் ரேணி கிராமத்துல கௌரா தேவியும் மத்த பெண்களும் காட்டைக் காப்பாத்தினப்ப, ஊர் ஆம்பளைங்க யாரும் அங்க இல்ல. "மரத்தைக் கட்டிப் பிடிச்சு நிறுத்திட்டோம். ஆளை எப்படி நிறுத்துறது?"ன்னு கேட்டான். விளையாட்டாத்தான் கேட்டான்.

நாங்க கிளம்புற வரைக்கும் அவன் முடிவு பண்ணல. போன வாரம் போன் பண்ணினேன். டெல்லிக்கு மார்ச் வரைக்கும் தவணை வாங்கியிருக்கானாம். குளிர்காலத்துப் பனி பாக்க எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணிட்டுச் சொல்றேன்னான்.

போக நினைக்கிறவங்களுக்கு: ஏப்ரல், மே நல்லாருக்கும். அக்டோபர்ல வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். மழைக்காலம் வேண்டாம், மண்சரிவு. நல்ல ஷூ, டார்ச், கையில ரொக்கம். ஏரிக்கு ஒரு நாள், துங்கநாத்துக்கு ஒரு நாள் போதும். மிச்ச நாளைத் திண்ணைக்கு ஒதுக்குங்க. முக்கியமா, ஊருக்குள்ள ஒரு வீட்டுல தங்குங்க, ஒரு ராத்திரியோட ஓடி வந்துடாதீங்க. காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்தா தண்ணிக் குடமாவது தூக்கிக் கொடுக்கலாம்.