கடன் கொப்பியும் கரைவலையும்

முரசுமோட்டையில் கடல் இல்லை. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் சிறிது தூரத்திலேயே வந்துவிடும் வயல் ஊர் அது. இரணைமடுத் தண்ணீர் பாயும் மண். சந்தியிலும் கோயில் வாசலிலும் நெல்லைப் பற்றிய பேச்சுத்தான் காதில் விழும். ஆனாலும் காலையில் ஒழுங்கைகளில் மீன்காரரின் ஹோன் கேட்டதும் படலைகளில் ஆட்கள் சட்டியோடு வந்து நிற்பார்கள். நெல் விளையும் ஊருக்குக் கடல் எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கூடவே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை இருந்தது.

துறைமுகம் என்றால் அலைதடுப்பு மதில், இறங்குதுறை, பாரந்தூக்கி என்று மனம் போகும். முல்லைத்தீவு நகரக் கரையில் அப்படி எதுவும் இல்லை. வெறும் மணல். படகு வந்தால் மணலில் ஏறும், போவதென்றால் மணலில் இருந்து தள்ளப்படும். எனினும் துறைமுகத்தில் நடக்கும் வேலைகள் எல்லாம் அங்கே நடக்கின்றன. சரக்கு இறங்குகிறது, நிறுக்கப்படுகிறது, விலை கூறப்படுகிறது, முற்பணம் கைமாறுகிறது, ஐஸ் உடைபடுகிறது, வாகனங்கள் திசைக்கொன்றாகப் பிரிகின்றன. கட்டடம் செய்ய வேண்டிய வேலையை அங்கே மனிதரின் தோளும் வாய்ச்சொல்லும் செய்கின்றன.

முரசுமோட்டைக்கு மீன் கொண்டுவரும் ஒரு வியாபாரி என்னைத் தன் மோட்டார் சைக்கிளோடு வரச் சம்மதித்தார். ஐம்பது வயது கடந்தவர். பின்சீற்றில் ரெஜிபோம் பெட்டி, அதன்மேல் ரியூப் நாடாவால் இறுக்கிய கட்டு, பக்கத்தில் தொங்கும் தராசு. நான் என்னுடைய வண்டியில் பின்னால் போனேன். பங்குனிக் கடைசி. வெளிச்சம் வர இன்னும் நேரம் இருந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் இருட்டில் கடந்தன. அதற்குப் பிறகு முள்ளிவாய்க்கால். அடுத்து வட்டுவாகல் பாலம், நந்திக்கடலின் நீரோடு ஒட்டியபடி தாழ்வாகவும் ஒடுக்கமாகவும்.

2009 இல், போரின் இறுதியில், முரசுமோட்டைச் சனம் இதே திசையில், இதே வீதியையும் அதன் ஓரங்களையும் பிடித்து, ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்து கடைசியில் இந்தப் பாலத்துக்கு வந்தது. அவரும் வந்தவர். பாலத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிழைப்புக்காக ஒரு மனிதர் தன் வாழ்வின் மிகக் கொடிய பாதையை ஒவ்வொரு விடியலிலும் போய்த் திரும்புகிறார். அந்தப் பாதையின் முடிவில்தான் மீன் இருக்கிறது.

நாங்கள் கரைக்குப் போனபோது வலைப்படகுகள் ஏறத் தொடங்கியிருந்தன. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பிளாஸ்டிக் படகுகள். கரையை நெருங்கியதும் இயந்திரத்தை நிமிர்த்தி, அலை ஒன்று பின்னால் வந்து தூக்கும்வரை பொறுத்து, அந்த அலையோடு மணலில் ஏறுகிறார்கள். ஏறிய கணத்தில் கரையில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் தோள் கொடுக்கிறார்கள். அவர்களில் எவர் அந்தப் படகுக்காரர், எவர் மற்றப் படகுக்காரர், எவர் மீன் வாங்க வந்தவர் என்று பிரித்தறிய முடியாது. எங்கள் வியாபாரியும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தள்ளினார். அதற்குக் கூலி இல்லை. படகு ஏற்ற நிற்காதவர் விலை கூறும் இடத்தில் கொஞ்சம் அந்நியர்தான்.

“மீன் படாத நாளிலையும் வந்து முகத்தைக் காட்டோணும் தம்பி” என்றார். “இல்லாட்டி மீன் படுற நாளில எங்களை ஆருக்குத் தெரியும்?”

அன்று படகுகளில் மீன் குறைவு. சில அறக்குளா, கொஞ்சம் பாரை, வலையில் கிழிபட்ட நண்டு. இரவு முழுக்கக் கடலில் இருந்த ஒருவர் வலையை மணலில் விரித்து ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை என்று சொல்ல முடியாது, ஆள் நுழையும் வெளி. இழுவைப் படகு என்று மட்டும் சொன்னார். கடலின் அடியை வாரி எடுக்கும் இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளை அந்தச் சட்டம் நிறுத்திவிடவில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழர்தான், அவர்களுக்கும் கடனும் பிள்ளைகளும் உண்டு. அது தெரிந்தும் இந்த வலைக்காரரின் பக்கத்தில்தான் நான் நிற்பேன். அறுந்த வலைக்கு நட்டஈடு தர ஒருவரும் இல்லை.

கரைவலை ஏறும்வரை காத்திருக்க வியாபாரி முடிவு செய்தார். அதனால் எனக்கு அதிர்ஷ்டம், நான் பார்க்க வந்ததே அதைத்தான்.

விடியும்போதே வலை வளைத்துவிட்டார்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, வள்ளம் கடலுக்குள் போய், கயிறு, கைவலை, நடுவில் மடி, மறுபடி கைவலை, மறுபடி கயிறு என்று வளைத்துக்கொண்டு தூரத்தில் இன்னோர் இடத்தில் கரையேறும். பிறகு இரண்டு அணி. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி சரிந்து மீன் கலைந்துவிடும். இழுப்பவர்கள் கைப்பலத்தால் இழுப்பதில்லை. இடுப்பில் கட்டிய துண்டுக் கயிற்றைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிக்காலை மணலில் புதைத்துப் பின்பக்கமாக நடக்கிறார்கள். மணல் ஏறி முடிந்ததும் கொளுவலைக் கழற்றிவிட்டு, தண்ணீர் விளிம்புக்கு ஓடிப்போய் முதலாளாகக் கொளுவுகிறார்கள். யாரும் நிற்பதில்லை, வரிசை சுழன்றுகொண்டே இருக்கிறது.

அவர்களுக்கு நடுவில், எதையும் இழுக்காமல், ஒருவர் இரண்டு அணிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். மண்டாடி. அவர் கண் கயிற்றில் இல்லை, தண்ணீரில். மடி எங்கே வருகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை மிதவைகளையும் பறவைகளையும் நீரின் நிறத்தையும் பார்த்துச் சொல்கிறார். கையை ஒருமுறை தெற்கே காட்டினால் ஒரு முழு அணி கயிற்றோடு தெற்கே நகர்கிறது. கைவலைகள் கரைக்கு வந்து, மடி நெருங்க நெருங்க சத்தம் கூடியது. மூன்று பேர் நீந்திப்போய் மடியின் அடிப்பக்கத்தை மணலோடு அமத்திப் பிடித்தார்கள். தண்ணீர் வெள்ளியாகத் துடித்தது. சூடை, நெத்தலி, கீரி. நடுவே ஒன்றிரண்டு பெரிய பாரை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி குனிந்து ஒரு பிடி நெத்தலியை அள்ளிப் பார்த்தார். முகத்தில் மாற்றம் இல்லை. விலை கூறுவதற்கு முன் சம்மாட்டியின் முகத்தில் மாற்றம் இருக்கக் கூடாது.

இழுத்தவர்களில் பலருக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் தோல் தடித்துக் கறுத்திருந்தது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பது பற்றி முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் பல வருடமாக முறைப்பாடும் போராட்டமும் நடக்கின்றன. இயந்திரம் வேண்டாம் என்பவர்கள் கடலின் அடியும் குஞ்சு மீனும் அழிவதைச் சொல்கிறார்கள், இத்தனை பேரின் பங்கு இல்லாமல் போவதையும் சொல்கிறார்கள். இயந்திரம் வைத்திருப்பவர்கள் இழுக்க ஆள் வருவதில்லை என்கிறார்கள். அந்தக் கறுத்த தோலைப் பக்கத்தில் பார்த்தபிறகு இரண்டாவது பேச்சைப் பொய் என்று தள்ள எனக்கு முடியவில்லை. ஆனால் ஒரு வலை ஏறினால் எத்தனை வீட்டில் அடுப்பெரியும் என்பதையும் அந்தக் கரையில்தான் பார்த்தேன். ஆட்கள் இழுக்கும் தொழில் நிலைக்க வேண்டுமானால் இழுப்பவரின் பங்கு கூட வேண்டும். அதைப் பேசாமல் இயந்திரத்தை மட்டும் தடை செய்வது பாதி வேலை.

கூறல் நடந்த விதம் மிகவும் வேகமானது. குவியலுக்கு முன்னால் ஒருவர் நின்று விலையைச் சொல்லத் தொடங்குகிறார். சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கண்ணிமை, தலையசைப்பு, ஒரு விரல். புத்தம்புதிய ஆளாக இருந்தால் எவர் கேட்டார் என்றே தெரியாது. எங்கள் வியாபாரி ஒரு குவியல் சூடையும் கொஞ்சம் கீரியும் ஒரு பாரையும் எடுத்தார். பணம் முழுதாகக் கொடுக்கவில்லை. பாதியைக் கொடுத்து, மிச்சம் ஒரு கொப்பியில் ஏறியது. அந்தக் கொப்பியைச் சம்மாட்டியின் ஆள் வைத்திருந்தார். வியாபாரியின் சட்டைப்பையில் இன்னொரு கொப்பி இருந்தது. இந்தத் தொழிலின் இயக்கம் எனக்குப் பிடிபட்டது அந்த இரண்டு கொப்பிகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான்.

வாடைக்காற்று எழுந்தால் இந்தக் கரையில் கரைவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி கடல் அடிக்கும். அந்த மாதங்களில்தான் முரசுமோட்டையில் காலபோகம் வயலில் நிற்கும், கையில் காசு இருக்காது. மாசி, பங்குனியில் அறுவடை. சரியாக அந்த நேரத்தில் கடல் ஆறுகிறது. அதாவது ஊரில் காசு புழங்கத் தொடங்கும்போதே கரையில் மீன் படத் தொடங்குகிறது. மழைக்காலம் முழுவதும் வியாபாரி கடனுக்குக் கொடுத்த களப்பு மீனும் நந்திக்கடல் றாலும் கருவாடும் நெல் விற்றதும் பணமாகத் திரும்புகின்றன. அந்தப் பணம் ஏ-35 வழியாக முல்லைத்தீவுக்குப் போய்ச் சம்மாட்டியின் பழைய கணக்கை அடைக்கிறது. சம்மாட்டி அதைக்கொண்டு கயிறும் வலையும் வாங்கி, தொழிலாளருக்கு முற்பணம் கொடுத்து, வாடி போடுகிறார். பருவத்தின் முதல் கரைவலையை இழுத்துக் கரையேற்றுவதில் முரசுமோட்டை நெல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துவந்து அந்த உப்புநீரில் விளக்கேற்றுவது வழக்கம். அதே வாசலில் வன்னி வயல்களின் அரிசி பொங்குகிறது. இந்த மண்ணில் நெல்லும் கடலும் ஒன்றையொன்று எவ்வளவு காலமாக அறிந்திருக்கின்றன என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

சுழற்சி அறுந்த வருடங்களும் உண்டு. 2004 மார்கழி 26 இல் சுனாமி முல்லைத்தீவு நகரக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. பிறகு மீண்டும் போர். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது வயல் படுத்தது. அடுத்த வருடம் ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. இந்தக் கரையின் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு பக்கம் நெல் இல்லை, மறுபக்கம் படகு இறங்கவில்லை. கடன் கொப்பியில் அந்த வருடத்துப் பக்கங்களை வியாபாரி இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறார். சில பெயர்களுக்கு எதிரே கணக்கு அடைபட்ட கோடு இல்லை. அவர்களிடம் இனிக் கேட்கப் போவதில்லை என்றார். அதில் இரண்டு குடும்பம் வெளிநாடு போய்விட்டதாம், மற்றவர்கள் இன்னும் அவரிடம்தான் மீன் வாங்குகிறார்கள்.

கரையில் ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஐஸ். உடைத்த ஐஸைப் பெட்டியின் அடியில் ஓர் அடுக்கு, மீன், மேலே இன்னோர் அடுக்கு என்று வியாபாரி மிகக் கவனமாகப் பரப்பினார். காசுக்குக் கட்டுப்பட்ட அளவுதான் வாங்கினார். வெயில் ஏறும் நேரத்தில் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர் வீதி. மீன் மென்மையானால் விலை பாதி. துறைமுகத் திட்டங்களைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் இந்தப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும். மலிவான ஐஸும் கரையோரத்தில் ஒரு நிழற்கூடமும் இருந்தால் அன்றைக்கே பலருடைய வருமானம் உயரும்.

திரும்பி முரசுமோட்டைக்குள் நுழைந்தபோது வழக்கத்தைவிடப் பிந்திவிட்டது. முதல் ஒழுங்கையிலேயே ஹோனை அமத்தினார். பாரை ஒரு வீட்டுக்கு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, விருந்தாளி வருகிறாராம். கீரி இரண்டு வீட்டோடு முடிந்தது. மிச்சம் சூடை. ஒவ்வொரு படலையிலும் தராசைத் தூக்குவதற்கு முன் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார், “உங்களுக்கு எத்தினை ஏக்கர் வந்தது?” சிறுபோகத்துக்கு இரணைமடுவில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் காணி பங்கிடுவார்கள். யாருக்கு எவ்வளவு விதைக்கக் கிடைத்தது என்பதைக் கமக்காரருக்கு அடுத்தபடியாக அறிந்திருக்க வேண்டியவர் மீன்காரர். ஆவணி அறுவடை வரை எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது.

வாய்க்கால் ஓரத்து வீட்டில் ஓர் அக்கா சட்டியோடு நின்றார். பழைய கணக்கில் கொஞ்சம் தந்தார், வியாபாரி கொப்பியில் கழித்தார்.

“இந்தமுறை அரை ஏக்கர்தான் தம்பி.”

“அப்ப ஆவணி மட்டும் சூடைதான் அக்கா.”

“சூடை எண்டாலும் புதுசாக் கொண்டுவா. முந்தநாள் தந்தது வயிறு வெடிச்சுக் கிடந்தது” என்றார் அவர், சட்டியை நீட்டியபடி.