கூப்பிடு தூரத்தில் ஒரு கடல்

எங்கள் எதிர் வீட்டு அக்காவின் மகன் ஸ்பெயின் தேசத்தில் வேலையாக இருக்கிறான். போன கோடையில் அந்த நாட்டின் தெற்குக் கரையிலுள்ள மலாகாவுக்கு விடுமுறைக்குப் போனதாகப் போட்டோ அனுப்பியிருந்தான். அக்கா அதை என்னிடம் காட்டி, "பாரு, கடலு, மணலு, வெயிலு. இதுக்கா இம்மாஞ் செலவு? நம்ம மரக்காணத்துல இதெல்லாம் இல்லியா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் கடலைக் கல்யாணமான புதிதில் ஒரு தரம் எட்டிப் பார்த்ததோடு சரி.

மே மாதம் திருச்சியிலிருந்து என் நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். உடனே புறப்பட்டுவிட்டோம். ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா எக்ஸ்பிரஸும் திண்டிவனத்தில் நிற்காது. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கிவிட்டால் கவலையில்லை. அங்கிருந்து திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் பஸ் உண்டு. 1879-லேயே போட்ட புதுச்சேரி ரயில் பாதையும் இருக்கிறது. கைக்குழந்தைக்காரர்கள் ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாண்டிலோ பால் புகட்டி, மற்ற வேலைகளையும் முடித்துக்கொண்டே கிளம்புங்கள். கடற்கரைப் பக்கம் பெண்கள் ஒதுங்க இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. (அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் நல்லது!)

நாங்கள் செய்த முதல் தப்பு நேரம். புளியோதரை, தயிர் சாதம், வடகம் என்று கட்டி முடித்துக் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அக்னி நட்சத்திரம் வேறு. மணலில் கால் வைக்க முடியவில்லை. மலாகா பக்கம் மதியத்தில் சின்னக் கடைகளைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்களாம். வெயில் தேசத்துக்காரர்களுக்கு அந்த புத்தி இருக்கிறது. நமக்கு வேண்டாமா? காலை ஒன்பது மணிக்குள், இல்லாவிட்டால் மாலை நான்குக்கு மேல், அவ்வளவுதான் கடற்கரை நேரம்.

இரண்டாவது தப்பு என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

கரை நெடுக அலை நுரை தள்ளி உடைந்துகொண்டிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அலையே இல்லை. தண்ணீர் கொஞ்சம் கறுத்து, குளம் மாதிரி அமைதியாகத் தெரிந்தது. "இங்கே அலை இல்லை, பிள்ளைகள் விளையாட நல்ல இடம்" என்று நான்தான் கையைக் காட்டினேன். நாத்தனாரின் சின்னவனுக்கு ஆறு வயது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று கொண்டிருந்தான். நாத்தனார் டிபன் டப்பாவைத் திறக்கத் திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவன் காலடியில் மணல் சரிந்தது. அடுத்த நிமிஷம் பத்தடி தள்ளி அவன் தலை மட்டும் தெரிந்தது.

ஓடினேன். நனைந்த புடவை இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் போட்டது போலச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரிலேயே விழுந்தேன். நல்ல வேளையாகப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்தார். பிள்ளையைப் பிடித்தவர் நேரே கரைக்கு வரவில்லை. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரையேறினார்.

அவர் மனைவி என்னைப் பிடித்துத் தூக்கிவிட்டு ஒரு பாட்டம் திட்டினாள். "ஏம்மா, இது என்னா கொளமா? அல ஒடையாத எடந்தான் உள்ள இழுக்குற எடம். கரைக்கு வந்த தண்ணி பூரா அந்த வழியாத்தான் திரும்பிப் போவுது. படிச்சவங்களுக்கு இது தெரியாதா?"

எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் வங்கக் கடல் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாகிவிடும். அப்படி இழுபட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் சோர்ந்து போவோம். மிதந்தபடி பக்கவாட்டில் நகர வேண்டுமாம். நீச்சல் தெரியாத நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். இறங்குமுன் அங்கிருக்கும் மீனவர்களிடம் கேட்பது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி இருக்கும். அப்போது காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையின் கையை விடாமல் ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். கரையில் நின்று பார்ப்பது காவல் இல்லை. புடவையை விடச் சுடிதார் மேல்.

சின்னவன் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். அழுததும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் நாத்தனார். வலைக்காரர் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆட்டோ பிடித்துவிட்டார். அதுவே சரி என்றார் டாக்டரும். தண்ணீர் குடித்த குழந்தை முதலில் நன்றாகவே இருக்கும். சில மணி நேரம் கழித்து விடாத இருமல், மேல் மூச்சு, அசாதாரணத் தூக்கம் எல்லாம் வரலாம். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தே அனுப்பினார்.

இனிமேல் கடல் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஜனவரியில் பொங்கலுக்கு வந்தவள் தானே கேட்டாள், "அண்ணி, அந்த மீன்காரம்மாவைப் பார்த்து வரலாமா?" என்று. ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வேண்டவே வேண்டாம். 2020-ல் நிவர் புயல் மரக்காணம் பக்கம்தான் கரை கடந்தது. 2024-ல் ஃபெஞ்சல் வந்து விழுப்புரத்தை வெள்ளக்காடாக்கியதை மறக்க முடியுமா?

இந்தத் தடவை விடியற்காலையிலேயே போய்விட்டோம். புடவையும் வேட்டியும் எடுத்துக் கொடுத்து அவர்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, உப்பளம் பார்க்கப் போனோம். ஜனவரியில் பாத்தி கட்டத் தொடங்கி மழை வரும்வரை வேலை நடக்கும். வெயில் ஏறுமுன் பெண்கள் உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். அனுமதி கேட்டு வரப்பில் மட்டும் நடங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் பிள்ளைகள் துள்ளிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கிருந்து மூட்டை கட்டி வராதீர்கள். அதில் அயோடின் சேர்த்திருக்காது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதையே 2006 முதல் தடை செய்திருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது அவசியம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கம். அங்கே ஆலம்பறைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப் போட்டார்கள். செங்கல் சுவரும் உப்பங்கழியும் சேர்ந்து பார்க்க அழகு. ஆனால் சுவர் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். தெற்கே கழுவெளி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. வேண்டுதல் இருப்பவர்கள் திரும்பும் வழியில் மயிலம் முருகனைப் பார்க்கலாம். நாங்கள் போகவில்லை, பிள்ளைகள் தூங்கி விழுந்தன.

சாப்பாட்டுக்குத் தயிர் சாதம் மட்டும் போதும். கோடையில் புளியோதரை தாகத்தைக் கிளப்பிவிடும். தலைக்கு இரண்டு பாட்டில் காய்ச்சிய தண்ணீர், மோர், வழியில் நுங்கு, இளநீர். ஐஸ் போட்ட கலர் தண்ணீர் வேண்டாம். வயிற்றுப் போக்கு வந்தால் மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் டாக்டரிடம் ஓடுங்கள்.

கிளம்பும்போது சின்னவன் வலைக்காரரிடம் போய், "மாமா, அடுத்த தடவை எனக்கு நீச்சல் சொல்லித் தருவியா?" என்று கேட்டான். "மொதல்ல கெணத்துல கத்துக்கிட்டு வா, அப்பால கடலுக்கு வா" என்றார் அவர். நாத்தனார் இப்போது திருச்சியில் நீச்சல் வகுப்புத் தேடிக்கொண்டிருக்கிறாள், தனக்கும் சேர்த்து.