மண்வாரியும் வெள்ளிப் பட்டியலும்

பனாமாக் கால்வாயைப் பற்றிப் பாடநூலிற் படிக்கும் நாம், அதனை வெட்டியவர் யார் என்று கேட்பது அரிது. கேட்டாலும் ஒரு ஜனாதிபதியின் பெயரோ ஒரு பொறியியலாளரின் பெயரோதான் விடையாகக் கிடைக்கும். விடையின் ஒரு பகுதி பியூசைரஸ் என்னும் கம்பனியின் வரலாற்றில் இருக்கிறது.

1880 இல் ஒஹாயோ மாநிலத்துப் பியூசைரஸ் என்னும் ஊரில் அக்கம்பனி ஒரு வார்ப்புத் தொழிற்சாலையாகத் தோன்றியது. அமெரிக்காவெங்கும் புகையிரதப் பாதைகள் விரிந்துகொண்டிருந்த காலம் அது. குன்றுகளைப் பிளக்க நீராவி மண்வாரிகள் வேண்டியிருந்தன. 1893 இல் அது தெற்கு மில்வாக்கிக்குப் பெயர்ந்தது. பனாமாவில் அமெரிக்கர் ஈடுபடுத்திய 102 நீராவி மண்வாரிகளுள் 77 இக்கம்பனியின் தயாரிப்பு. 1906 நவம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளுடையுடன், 95 தொன் மண்வாரியொன்றில் ஏறியமர்ந்த புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. முதலாளிக்கு இதனினும் சிறந்த விளம்பரம் ஏது?

அப்படத்தில் இல்லாதவர்களைப் பற்றியே நாம் பேசவேண்டும். மண்வாரி தண்டவாளத்தின்மீதே நகர்ந்தது. குலேப்ரா மலைப்பிளவில் அது முன்னேறுந்தோறும் தண்டவாளத்தைத் தூக்கி இட்டவர்களும், பாறையைத் துளைத்து டைனமைற் நிரப்பியவர்களும் பெரும்பாலும் பார்படோஸ், ஜமெய்க்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பின உழைப்பாளர். 1908 டிசம்பரில் பாஸ் ஒபிஸ்போவில் வெடிமருந்து எதிர்பாராது வெடித்து 23 பேர் மாண்டனர். இயந்திரத்தை இயக்கிய வெள்ளையர் 'தங்கப் பட்டியலிற்' சம்பளம் பெற்றனர். இவர்களோ 'வெள்ளிப் பட்டியலில்'. தபாற்கந்தோரும் உணவுச்சாலையும்கூட இவ்விரு உலோகங்களின் பெயராலேயே பிரிக்கப்பட்டிருந்தன. நிறவெறிக்கு எத்துணை நாகரிகமான பெயர்! 1904 முதல் 1914 வரை நோயாலும் விபத்தாலும் இறந்தோர் 5,609 என்பது ஆஸ்பத்திரிப் பதிவுகள் தரும் கணக்கு. அவர்களுட் பெரும்பாலோர் மேற்கிந்தியர்.

இயந்திரத்தின்மீது நமக்குப் பகையில்லை. அஃதில்லாதிருப்பின் அம்மண் முழுவதையும் அதே மனிதர்தாம் கூடையிற் சுமந்திருப்பர். ஆனால் அது குறைத்த பாரத்தின் இலாபம் அவர்களுடைய கூலியிற் சேரவில்லை.

கம்பனி வளர்ந்தது. 1927 இல் ஈரி நீராவி மண்வாரிக் கம்பனியுடன் இணைந்து பியூசைரஸ்-ஈரி ஆயிற்று. ஒஹாயோவின் நிலக்கரி வயலுக்கென அது அமைத்த 'பிக் மஸ்கி' 1969 இல் வேலை தொடங்கியது. ஒரே முறையில் 220 கன யார் மண்ணை அள்ளும் இராட்சதப் பொறி. 1991 இல் அதனை நிறுத்தினார்கள். 1999 இற் பழைய இரும்பாக வெட்டினார்கள். 2011 இல் கட்டர்பில்லர் நிறுவனம் பியூசைரஸையே விலைக்கு வாங்கிற்று. பிக் மஸ்கியின் வாளி மட்டும் ஒஹாயோவில், சுரங்கத் தொழிலாளர் நினைவுப் பூங்காவொன்றில் வைக்கப்பட்டிருக்கிறது.