எழுபது வளைவுகளுக்கு முன்னால்...

சேலத்தைத் தாண்டியதுமே எங்கள் பழைய எஸ்.யூ.வி. அலைபாய ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இடமும் வலமுமாகப் போனது. போக வேண்டியதோ கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும்.

லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினோம். முதலில் டயரில் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. "இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை லேசா அப்படியும் இப்படியும் ஆட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து அடியில் பார்த்தார். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி உடனே அசைந்தது. இடது சக்கரம் மட்டும் தாமதமாகத் திரும்பியது.

அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்; அசையவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டியபோது 'டக் டக்'.

"பேரிங், பால் ஜாயின்ட் நல்லாயிருக்கு. டை ராட் எண்ட்தான் தேஞ்சு போச்சுங்க. வளைவுல கழண்டிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

புதிது மாட்டி, அலைன்மென்ட் பார்த்து முடிக்க மதியமாகிவிட்டது. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவையும் குழந்தைகள் சத்தமாக எண்ணினார்கள். எழுபதில் கைதட்டல்!

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இறங்கறதுக்கும் இதே எழுபதுதானேப்பா?"