எந்தப் புற்றில் எடுத்தது?

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாவரவியல் துறையினர் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்குக் காளான் தேடிப் புறப்பட்டனர். எம் துறை மாணவர் சிலருடன் நாமும் உடன் சென்றோம். தமிழுக்கும் காளானுக்கும் உறவென்ன என்று வினவியோர்க்கு விடை ஆயத்தமாக இருந்தது. காளானின் பழம்பெயர் ஆம்பி. நெடுநாள் சமையல் காணாத அடுப்பில் அது முளைத்த வறுமையைப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் உரைப்பதைப் புறநானூற்றின் 164ஆம் பாடலில் காணலாம். 'கம்ஆ' மன்னு வகையைச் சார்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு மருந்து என்னும் நபிமொழியையும் காளானுக்கே உரியதாக்கிப் பேசிக்கொண்டு நடந்தோம்.

அடிவாரப் புல்தரையில் வெண்குடைகள் விரிந்து நின்றன. இளமையில் எம் அன்னையார் குழம்பிட்ட புற்றுக்காளான் நினைவில் எழ, "இது உண்ணத்தக்கதே" என்று மொழிந்துவிட்டோம். தாவரவியல் பேராசிரியரோ, "நாளை சொல்வோம், ஐயா" என்றார். மாலையில் ஆய்வகத்தில் ஒரு குடையை அறுத்து, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடிவைத்தார்.

மறுநாட் காலை தாளைக் கண்டு திகைத்தோம். படிந்திருந்த வித்துத்தூள் பச்சை நிறம். அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். உண்டவர்க்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருவது. புற்றுக்காளானோ கறையான்கள் புற்றினுள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எழுவது. அதன் காம்பு வேர்போல் நீண்டு புற்றுக்குள் இறங்கும். தோண்டிப் பார்த்தால் தெரியும். நாம் தோண்டவில்லை.

அப்போதுதான் உள்ளம் நடுங்கியது. எம் சொல்லை நம்பிய மாணவன் ஒருவன் கைக்குட்டை நிறைய அவற்றைப் பறித்துக்கொண்டு, திரும்பும் வழியிலேயே தன் ஊரில் இறங்கியிருந்தான். பேராசிரியருடன் அவ்வூருக்கு விரைந்தோம். வழியெல்லாம் உதடுகள் துஆவையன்றி வேறொன்றும் அறியவில்லை.

வாசலில் அவன் தாயார் முறத்தோடு அமர்ந்திருந்தார். "காளானா சார்? எந்தப் புத்துல எடுத்தேன்னு கேட்டேன். புத்தே இல்லை, புல்லுலதான் இருந்துச்சுன்னான். அப்பவே குப்பைக்குழியில கொட்டிட்டேன்" என்றார். "சார் சொன்னாருன்னு அழுதான், பாவம்" என்றும் சேர்த்தார். தலைகுனிந்து நின்றோம்.

பள்ளிக்கூட வாசல் மிதியாத அவ்வம்மையார் கேட்ட ஒரே வினாவை, எம்.ஃபில். பட்டம் பெற்ற நாம் கேட்கவில்லை. உருவம் கண்டு பெயரிட்டோம். அவர் பிறந்த இடம் கேட்டார். சொல்லுக்கும் இதுவே முறையன்றோ? அரபு நாட்டுக் கம்ஆ குடை விரிப்பதன்று. பாலை மண்ணுக்குள் கிழங்குபோல் விளைவது. 'காளான்' என்னும் மொழிபெயர்ப்பை மட்டும் பற்றிக்கொண்டு எத்தனை மேடைகளில் பிழைபடப் பேசினோம்!

இப்பொழுதெல்லாம் வகுப்பில் அருஞ்சொல் ஒன்றுக்கு மாணவர் விரைந்து பொருள் கூறினால், "எந்தப் புற்றில் எடுத்தது?" என்று வினவுகிறோம். அவர்கள் சிரிக்கின்றனர். அந்த ஒரு மாணவன் மட்டும் எம்மை நிமிர்ந்து பார்க்கிறான்.